டியூபைப் பிதுக்கும் முன்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் கிளினிக்குக்கு வருகிற ஆண்களை வாசலில் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கும். நெற்றியோரமும் காதுமடலும் கசிந்துகொண்டிருக்கும். தலைமுடி மட்டும் கன்னங்கரேலென்று மின்னும். கூட வருகிற அம்மாள், "காலைல ஆறு மணிக்கு முகூர்த்தம் டாக்டர். போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் வேற குடுத்தாச்சு" என்பார். நோயைவிட அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

எமனிடமிருந்து மார்க்கண்டேயன் தப்பித்த தலம் இது. அந்த நம்பிக்கையில் அறுபது முடிந்தவர்கள் சஷ்டியப்தபூர்த்திக்கும், எழுபதில் பீமரத சாந்திக்கும், எண்பதில் சதாபிஷேகத்துக்கும் எங்கெங்கிருந்தோ அமிர்தகடேசுவரர் சந்நிதிக்கு வருகிறார்கள். மாலை மாற்றும்போது தலை நரைத்துத் தெரியக் கூடாது என்று கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சாயம் பூசிக்கொள்கிறார்கள். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள் உண்டு. அதை உடம்பு ஒரு தடவை எதிரியென்று பதிந்துகொண்டுவிட்டால், அடுத்த தடவை பட்ட ஒன்றிரண்டு நாளில், சில சமயம் மூன்றாம் நாளில், தோல் கொந்தளித்துவிடும். "இருபது வருஷமா இதே சாயந்தான் போடுறேன், ஒண்ணும் ஆனதில்லையே" என்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான். இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு இருபத்தோராம் வருஷம் வரும். சாயம் வாங்கியதும் முழங்கை மடிப்பிலோ காதின் பின்புறமோ ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்கச் சொல்லி டப்பாவின் காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். அறுபது வயதில் கண்ணாடி எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும்.

அவர்களுக்கு நான் கொடுப்பது ஸ்டீராய்டு. தலையை நன்றாக அலசச் சொல்லி, ஈரத்துணி ஒத்தடம் போட்டு, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, சில நாளைக்கு மாத்திரை. விடிவதற்குள் கண் முழுசாகத் திறக்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் கசிவு அடங்கும், அரிப்பு குறையும். ஸ்டீராய்டு ஒரு அருமையான மருந்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி இந்தக் கட்டுரையில் அதைத்தான் அதிகம் திட்டப்போகிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வெளியூர்ப் பயணிகள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆக்கூர், அனந்தமங்கலம், பிள்ளைப்பெருமாநல்லூர் பக்கத்து வயல் ஆட்களும், தரங்கம்பாடிக் கடலோரத்து ஆட்களும்தான். அவர்கள் கொண்டுவருவது படர்தாமரை. தொடையிடுக்கு, இடுப்பு, பிட்டம், மார்புக்கு அடியில். நான் படித்த காலத்தில் படர்தாமரையை எந்த மாணவரும் மதிக்க மாட்டார். ஓரத்தில் சிவந்து, நடுவில் தெளிந்து, வட்டமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் களிம்பு போட்டால் போய்விடும். பரீட்சையில் இது வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இப்போது அதே படர்தாமரை மாதக்கணக்கில் போக மறுக்கிறது. போனாலும் திரும்புகிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது, கைக்குழந்தை உட்பட.

"அரிப்பு தாங்கலங்கம்மா. கடையில ஒரு டியூப்பு வாங்கிப் போட்டேன், ரெண்டே நாள்ல அமுங்கிப்போச்சு. விட்டேன், இம்மாம் பெருசா வந்து நிக்குது." இந்த வாக்கியத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு தினமும் கேட்கிறேன்.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, இவற்றோடு குளோபிடசால் போன்ற ஒரு ஸ்டீராய்டு. எந்த நோயென்று தெரியாதபோது எல்லாவற்றுக்குமாக ஒரு அடி. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே ஆக வீரியமான வகையைச் சேர்ந்தது குளோபிடசால். சோரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படையில் தடித்துப்போன தோலுக்கு நானே எழுதிக் கொடுப்பேன், நாளை எண்ணி, அளவு சொல்லி. தொடையிடுக்கின் மெல்லிய தோலுக்கு அது போய்ச் சேரும்போது கதை வேறு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்கிற வேலையே இல்லை, பூஞ்சையை விரட்ட நம் உடம்பு செய்கிற வேலை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. அரிப்பு நின்றதும் ஆள் குணமானதாக நினைக்கிறார். காவல் எடுக்கப்பட்ட வயலில் பூஞ்சை தாராளமாக மேய்கிறது. மருந்தை நிறுத்தினால் அடக்கி வைத்த அரிப்பு மொத்தமாகத் திரும்புகிறது, மறுபடி டியூப். சில மாதத்தில் தொடையில் பிரசவக் கோடுகளைப் போல அகலமான வரிகள் விழுகின்றன. வயசுப் பையன்களுக்குக்கூட. பூஞ்சை போகும், அந்த வரிகள் ஆயுளுக்கும் போகாது.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அது எனக்கு நேருவது. வட்டம் கலைந்துபோகிறது. ஓரம் அழிகிறது. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதற்குள் பொரிப்பொரியாகக் கட்டிகள். கரப்பானா, படர்தாமரையா, இரண்டுமா என்று முப்பது வருஷம் பார்த்த கண்ணுக்கே சந்தேகம் வருகிறது. அடையாளம் மறைந்த படர்தாமரை என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிகிற விஷயமாக அது இருந்தது. இப்போது சராசரி நோயாளியே அப்படித்தான் வருகிறார்.

இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த, இப்படிப் பிடிவாதம் பிடித்த நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொண்டதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்பு கண்கண்ட மருந்தாக இருந்த டெர்பினாஃபின் இதில் பலருக்கு வேலை செய்வதில்லை. மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய நொதியையே பூஞ்சை மாற்றிக்கொண்டுவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்போது இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்த டியூப்தான் இந்தப் பூஞ்சையைப் பிறப்பித்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அரைகுறை மருத்துவத்தோடு பல மாதம் ஒரு உடம்பில் குடியிருந்து, துண்டிலும் பாயிலும் மற்றவர்களுக்குப் பரவ அதற்கு நேரம் கொடுத்தது யார் என்று கேட்டால் நான் டியூபைத்தான் காட்டுவேன்.

2018இல் மத்திய அரசு பதினான்கு வகைத் தோல் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் வருஷக்கணக்கில் கத்தியதற்குக் கிடைத்த பலன் அது. சட்டம் தில்லியில் இருக்கிறது. டியூப் நம் தெருமுனையில் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் நான் செய்கிற பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மழுங்கிய கத்தியால் படையின் ஓரத்தைச் சுரண்டி, விழுகிற செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் வரம்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பூஞ்சை இழைகள் ஓடும். நோயாளியையே கூப்பிட்டுக் காட்டுவேன். "இதாம்மா உங்க மேல வளருது" என்று ஒரு தடவை பார்த்தவர் மருந்தைப் பாதியில் விட்டதில்லை என்று சொல்ல ஆசைதான், விட்டவர்களும் உண்டு. இட்ரகோனசோலோ வேறொன்றோ, ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் சாப்பிட வேண்டும். களிம்பைப் படை தெரிகிற இடத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் சுற்றிலும் பூச வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். ஜீன்ஸ் போடுகிற பையன்களிடம் கைலிக்கு மாறச் சொல்கிறேன். துணியை வெயிலில் காயப்போட்டு, உள்புறம் திருப்பி இஸ்திரி போடச் சொல்கிறேன்.

அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொன்னால்தான் வீட்டில் சண்டை வருகிறது. வேர்வையிலும் அழுக்கிலும் ஊறிய அந்தக் கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். வைத்தியம் முடிகிறவரை கழற்றி வையுங்கள் என்றால் பையனின் தாய் முகம் மாறும். "அப்பன் ஆத்தா உசுரோட இருக்கிறப்ப அரைஞாண அறுக்கச் சொல்றீங்களேம்மா" என்பார். வெள்ளியில் போடுங்கள் என்று ஒரு சமரசம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். வெள்ளியைத் துடைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாதவர்களிடம் மாதம் ஒரு புதுக் கயிறு என்று இறங்கிவருவேன். இடுப்பு என்றதும் இன்னொன்று. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடத்தில் வருஷக்கணக்காக ஆறாத புண் இருந்தால் அலட்சியமாக விடக் கூடாது. வேட்டியையும் புடவையையும் இறுக்கிக் கட்டுகிற இடத்தில் அபூர்வமாகப் புற்று வருவதை நம் நாட்டு மருத்துவர்கள் வெகுகாலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மும்பையில் கனோல்கரும் சூரியாபாயும் 1945இலேயே வேட்டிப் புற்றைப் பற்றி எழுதினார்கள். நாடாவை அகலப் பட்டையாக மாற்றிக்கொள்வதும், கட்டுகிற இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுவதும் காசில்லாத வைத்தியம்.

தோல் மருத்துவத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு, "எல்லாம் வெளியிலயே தெரியுதே, இதுக்குப் படிப்பு வேறயா?" என்ற தொனியில். நான் எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான இடத்தில் மேற்படிப்புக்குப் போனவள். எம்.டி., மூன்று வருஷம். துறையின் பெயரே தோல், பால்வினை, தொழுநோய் என்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். மூன்றும் தோலில்தான் முகம் காட்டும். உள்ளங்கையில் அரிக்காத செம்பு நிறத் திட்டுகளைப் பார்த்தால் சிஃபிலிஸ் நினைவுக்கு வர வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம்.

எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் ஒரு விதி இருந்தது. நோயாளியைப் பார்த்து முதல் மூன்று நிமிஷம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். தட்டையா, மேடா? செதில் வெள்ளியாக உதிர்கிறதா, தவிடாகவா? ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கிறதா, கரைந்து போகிறதா? உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? மறந்துபோய், "சோரியாசிஸ் சார்" என்று சொன்னவர் அன்றைக்கு வார்டில் எல்லோருடைய நகத்தையும் பார்த்து எழுத வேண்டும். நகத்தில் ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள் இருந்தால் அது சோரியாசிசுக்குச் சாட்சி. தலை, வாய், நகம், உள்ளங்கால் இவற்றைப் பார்க்காமல் தோலைப் பார்த்ததாகச் சொல்லாதே என்பார். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வர வேண்டும். டியூப்லைட்டுக்கு அடியில் தேமல் ஒளிந்துகொள்ளும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஏ.எஸ். தம்பையாவிடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்களிடமிருந்து இந்தப் பழக்கமெல்லாம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது என்று எங்களுக்குச் சொன்னார்கள். எந்த ஊர் ஓ.பி.யிலும் ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் தோல் மருத்துவர் என்று கண்டுகொள்ளலாம்.

புத்தகத்திலோ எல்லாப் படமும் வெள்ளைக்காரத் தோல். செக்கச்செவேலென்று சிவந்திருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு ஓ.பி.க்கு வந்தால் ஒரு நோயாளிகூடச் சிவக்க மாட்டார். நம் தோலில் சிவப்பு என்பது கத்தரிப்பூ நிறம். சிலருக்கு வெறும் கூடுதல் கறுப்பு. தொட்டுப் பார்த்தால்தான் சூடு தெரியும். தோல் நிறத்தை ஒன்று முதல் ஆறு வரை வகைப்படுத்துகிற அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் அதை உண்டாக்கியபோது வெள்ளைத் தோலுக்குள்ளேயே நான்கு வகை பிரித்தார். பழுப்பும் கறுப்பும் பிறகுதான் ஐந்து, ஆறு என்று வால் பக்கம் சேர்க்கப்பட்டன. 2020இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்புத் தோலில் இது எப்படி இருக்கும் என்று வகுப்பில் கேட்டுக்கொண்டே இருந்தவராம். நம் மாணவர்கள் அப்படிக் கேட்பதற்கு அவசியமில்லை, ஓ.பி. வாசலில் ஐந்நூறு பேர் பதிலோடு நிற்கிறார்கள். பார்க்க நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் பெரிய வேலை இருக்கிறது. வெளிறிய ஒரு திட்டு. தாய்மார் தேமல் என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் தேமல்தான், நகத்தால் கீறினால் தவிடு உதிரும், வேர்வையில் அரிக்கும். பால்போல வெளுத்து, அதன் மேல் முடியும் வெளுத்திருந்தால் வெண்புள்ளி. அது ஒட்டாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை, புற ஊதாக்கதிர் வைத்தியத்தில் பலருக்கு நிறம் திரும்புகிறது. ஆனால் கொஞ்சம் மங்கலாக மட்டும் வெளிறி, அரிக்காமல், வேர்க்காமல், வலிக்காமல் ஒரு திட்டு இருந்தால் நான் பஞ்சை எடுப்பேன். "கண்ண மூடிக்கங்க, தொட்ற எடத்த வெரலால காட்டுங்க." பஞ்சு திட்டின் நடுவே போகும்போது விரல் அசையாது. அப்புறம் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்ப்பேன், தடித்திருக்கிறதா என்று. புருவத்தையும் காதுமடலையும் பார்ப்பேன்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்றே படித்தவர்களும் நினைக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்துக்குக் கீழே போனதை வைத்து 2005 இறுதியில் தேசிய அளவில் அப்படி அறிவித்தார்கள். அறிவிப்பில் இருந்த நுணுக்கம் ஊருக்குள் வந்து சேரவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றைக்கும் இந்தியர்கள். கிருமி உள்ளே போய் நோய் தெரியச் சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். ஆகவே எப்போது, யாரிடமிருந்து என்று தேடுவதில் பயனில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி.யில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய்க் குடியிருப்பை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். விரல்கள் மடங்கிக் கொக்கியாகிப் போன ஒருவரின் கையை பிராண்ட் பிடித்துப் பார்த்தபோது பிடி இரும்பாக இருந்தது. தசை செத்துப்போகவில்லை, நரம்பு செத்ததால் சில தசைகள் மட்டுமே ஓய்ந்திருந்தன என்று அவருக்குத் தட்டியது. வேலை செய்கிற தசையின் தசைநாரை எடுத்து ஓய்ந்த இடத்துக்கு மாற்றித் தைத்து அந்தக் கைகளை விரிய வைத்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்ததற்கும் அவர் பதில் தேடினார். அடுப்பில் பட்டும், ஆணி குத்தியும், சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பிடித்தும் வந்த காயங்கள்தான். ராத்திரியில் விரல் காணாமல் போனவர்களைக் கவனித்தபோது, மரத்த விரலை எலி கடிப்பது தெரியவந்தது. வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சிரிக்க மாட்டார்கள்.

இன்றைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூட்டு மருந்து இலவசம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். முதல் வேளை மருந்து போன சில நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். குளோஃபாசிமினால் தோல் கறுக்கும், நிறுத்தினால் மெல்லத் தெளியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியில் மாத்திரை நின்றுபோகும். இவ்வளவு எளிய வைத்தியம் தாமதமாவதற்குக் காரணம், அந்தத் திட்டின் மேலும் முதலில் டியூப் பூசப்பட்டுவிடுவதுதான். ஆறு மாதம் டியூப், ஆறு மாதம் வேறு டியூப். அதற்குள் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருக்கும்.

வயல் தரும் நோய்கள் பருவத்தோடு வருகிறவை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து நடவு தொடங்கியதும் பெண்களின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். நாள் முழுக்க நீரில் ஊறித் தோல் வெளுத்து உரியும், பிளவில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேரும், உரம் பட்டு எரியும். மருதாணி அரைத்து வைத்துக்கொள்வார்கள். இலையைப் பறித்து வீட்டில் அரைத்ததென்றால் நான் தடுப்பதில்லை. கடையில் விற்கிற "கறுப்பு மருதாணி" வேண்டாம். அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் இருக்கிற அதே பாரா-ஃபினைலீன்டையமின் கலந்திருக்கும். கல்யாணத்தில் கையில் வரைந்துகொண்ட பெண்ணுக்குப் பல வருஷம் கழித்துத் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் சில சமயம் அங்கே இருக்கிறது. சேற்றுப்புண்ணுக்கு நான் சொல்வது: கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்கைத் துணியால் ஒற்றி, ராத்திரிக்குக் களிம்பு. சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பலருக்கு அந்தப் புண்ணால்தான் சர்க்கரை தெரியவருகிறது.

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி பூசி எழுதிக்கொள்வது இங்கே இன்னும் உண்டு. சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பு வேரில் தூங்கிக் கிடந்து, வயதானபின் எழுந்து, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்பளிப்பதுதான் அக்கி. சில வாரத்தில் தானே உலரும். அதனால் எழுதியவருக்குப் பேர் கிடைக்கும். காவியால் கெடுதல் பெரிதாக இல்லை. நாள்தான் போகிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால் நல்ல பலன் தரும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிகிற நரம்பு வலி மீதமிருக்கும் அபாயம் அதிகம். மூக்கின் நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று பொருள், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "எழுதிட்டு வேணா வாங்க பெரியம்மா, ஆனா இன்னிக்கே வாங்க" என்பது என் நிலைப்பாடு. சக மருத்துவர்கள் சிலருக்கு இது பிடிக்காது.

சிரங்குக்கு வைத்தியம் ஒரு ஆளுக்குப் பண்ணிப் பயனில்லை. ராத்திரி அரிக்கிறது, விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரி, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் எனக்குப் போதும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை, அரிக்கிறவர் அரிக்காதவர் எல்லோரும் ஒரே ராத்திரி பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் பத்தாம் நாள் டியூப் வாங்கிவிடுவார்கள்.

இப்போது மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் முதல் இடங்களைப் பிடிக்கிறவர்கள் போட்டி போட்டுத் தேர்ந்தெடுக்கிற துறைகளில் எங்களுடையதும் ஒன்று. ராத்திரி எமர்ஜென்சி குறைவு, லேசரில் வருமானம் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மூளைகள் வருவது நல்லதுதான். ஆனால் படிப்பு முடித்ததும் சென்னையிலும் கோவையிலும் முகப்பொலிவுக்குக் கடை திறக்கிறார்கள். வெள்ளையாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஸ்டீராய்டுக் களிம்பை முகத்தில் தேய்த்து, மெலிந்து, வெயில் பட்டால் எரிகிற தோலோடு வருகிறவர்கள். அவர்களைத் தேற்றி மீட்க மாதங்கள் ஆகும். அந்தத் திறமை மாயவரத்துக்குக் கிழக்கேயும் கொஞ்சம் வரலாம் என்பது என் ஆதங்கம்.

மருந்துக் கடைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "டாக்டரம்மா, நான் இல்லன்னா அடுத்த கடைக்குப் போவாங்க. நடவு நாள்ல ஒரு நாள் கூலிய விட்டுட்டு உங்க கிட்ட வந்து உக்காருவாங்களா? நூறு ரூவாய்க்குள்ள வேலை முடியணும்னு வர்றவங்க கிட்ட நான் என்ன சொல்ல?" என்றார். அவர் கேட்டதில் இருந்த நியாயத்துக்காகத்தான் என் நேரத்தை மாலை ஆறுக்கு மேல் மாற்றினேன், வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு வரலாம் என்று. வரும்போது வாங்கிப் பூசிய டியூபைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன், காலியானதாக இருந்தாலும். அதன் மேல் எழுதியிருப்பதுதான் எனக்குப் பாதித் துப்பு. அன்றைக்கு மட்டும் எதையும் பூசாமல் வரச் சொல்கிறேன். வீட்டில் அரிக்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் கூட்டிவரச் சொல்கிறேன், கட்டணம் ஒருவருக்குத்தான்.

கடைக்காரரும் ஒரு படி இறங்கி வந்தார். வரவே முடியாதவர்களுக்கு ஸ்டீராய்டு கலக்காத வெறும் குளோட்ரிமசோல் கொடுக்கிறேன், தொடையிடுக்குக்கும் குழந்தைக்கும் அந்த மூன்று கலப்பு டியூபை எடுக்க மாட்டேன் என்றார். இரண்டையும் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். முகத்துக்கு என்று காலேஜ் பெண்கள் கேட்டால் இன்னும் எடுத்துக் கொடுக்கிறார் என்று கேள்வி. அடுத்த தடவை அதைத்தான் பேச வேண்டும்.